பெல்ட் சத்தம்

ஷார்ஜா, ரோலா. ஏழு மாடிக்கு மேலே மொட்டைமாடி.
"யூனிட்டில் பெல்ட் கத்துது" என்று புகார்.
திறந்தேன். பெல்ட் நன்றாகத்தான் இருந்தது.
கத்தியது அதன் பின்னால்,
என் கையுறைக்குள் அடங்குகிற அளவில்,
ஒரு கண் பீளையால் ஒட்டிப்போய்,
சாம்பல் நிறம் தூசியா தோலா என்று
சொல்ல முடியாதபடி.

ஆகஸ்ட். இரும்பைத் தொட்டால் தோல் உரியும்.
தாய் வருமென்று தண்ணீர்த் தொட்டி நிழலில்
ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
வரவில்லை.
பையிலிருந்த ஸ்பேனர்களைச் சட்டைக்கு மாற்றிவிட்டு
பையில் அதை வைத்து இறங்கினேன்.
வேலைச் சீட்டில் எழுதினேன்:
சத்தம் சரிசெய்யப்பட்டது.

அறையில் கட்டில் ஆறு. வைத்தியமும் ஏறக்குறைய அத்தனை.
குத்தாலிங்கம் பால் காய்ச்சப் போனான்.
தெள்ளுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் என்றான் சேவியர்ராஜ்.
பூண்டு நசுக்கிச் சோற்றில் பிசைந்தால்
வயிற்றுப் பூச்சி தானாக ஓடும் என்றார் மீராசா அண்ணன்,
ஓடவிட்டே பழகியவர் போல.
தில்பகதூர் ஒன்றும் சொல்லவில்லை.
தன் துண்டில் பாதியைக் கிழித்து நீட்டினான்.

செல்லப்பிராணிக் கடையில் மாரிசெல் என்ற பெண்
தராசில் வைத்தாள். அறுநூற்றுப் பத்து கிராம்.
பசும்பால் வேண்டாம், வயிறு போகும்.
பூண்டு அதற்கு விஷம்.
எண்ணெய் எதைப் பூசினாலும் நக்கும், அதுவும் வேண்டாம்.
எங்கள் மூன்று வைத்தியரையும்
ஒரே மூச்சில் தோற்கடித்துவிட்டுச் சொன்னாள்:
இயற்கையாகப் பார்க்கணும்னா
வெதுவெதுப்பாய்த் தண்ணீர், பஞ்சு, நெருக்கப் பல் சீப்பு.
ரெண்டு நாளில் கண் திறக்கலைன்னா டாக்டர்.

பிறகு அலமாரி.
இறகு கட்டிய குச்சி, மணி வைத்த பட்டை,
தண்ணீர் பீய்ச்சும் கிண்ணம்,
என் கட்டிலைவிட அகலமான மெத்தை.
விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் வியாதி எனக்கு
இன்னும் தீரவில்லை.
கடைசித் தட்டில் மணல்.
பத்துக் கிலோ மூட்டை, லாவெண்டர் வாசனை,
இருபத்தெட்டு திர்ஹாம்.
கண்ணாடிக்கு வெளியே
சாலையோரமெல்லாம் சும்மா கிடந்தது மணல்.
சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.
வாசனை இல்லாததை எடுங்க என்றாள்,
பூனைக்கு மூக்குதான் வீடு.

சின்ன மூட்டை மணல், குட்டித் தீனி ஒரு பொட்டலம்.
அவ்வளவுதான் வாங்கினேன்.
மலத்தட்டுக்குப் பழைய ஏசியின் சொட்டுத் தட்டு.
படுக்கைக்கு ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டி, மேலே பாதித் துண்டு.
நகம் கீற, செம்புக் குழாயில் சுற்றிய தேங்காய்நார்க் கயிறு.
இரண்டு திர்ஹாம் கடையில் பேன்சீப்பு.
வாரும்போது குட்டி முதலில் கடித்தது,
பிறகு என் கட்டைவிரலைத் தலையணையாக்கித் தூங்கியது.
சோப்பு நீரில் விழுந்த தெள்ளுகளை
குத்தாலிங்கம் எண்ணினான், கிரிக்கெட் ஸ்கோர் போல.

மூன்றாம் நாள் மலம் இறுகி முக்கியது.
பூண்டால் அவமானப்பட்ட மீராசா அண்ணன்
மாரிசெல்லிடம் போன் செய்து கேட்டுவிட்டு
உப்பில்லாமல் பரங்கிக்காய் வேகவைத்து
அரைக் கரண்டி மசித்துக் கொடுத்தார்.
அன்றிரவு சொட்டுத் தட்டைப் பார்த்து
ஆறு ஆண்கள் கைதட்டினோம்.

ஊரார் அறைகளையெல்லாம் குளிரவைக்கிறவன் நான்.
எங்கள் அறையில் இப்போது இருபத்தேழு டிகிரி,
குட்டிக்குக் குளிருமாம்.
எல்லோரும் முனகுகிறார்கள், பனியன் நனைகிறது.
ரிமோட்டை யாரும் தொடுவதில்லை.

வெள்ளிக்கிழமை வேணி போனில் கேட்டாள்:
இந்த மாசம் ரெண்டாயிரம் குறையுதே?
நான் யோசிப்பதற்குள்
கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.
அது என்ன சத்தம்?
யூனிட்ல, என்றேன், பெல்ட் கத்துது.
கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. வைத்துவிட்டாள்.

காலையில் குரல் செய்தி, ஏழே நொடி.
பின்னால் பள்ளி வேன் ஹாரன்.
"பெல்ட் சாப்பிட்டுச்சா?
பால் மட்டும் குடுத்துறாதீங்க."